முன்வரிசைக்கு வந்த ஹார்ப்சிகார்ட்

அக்டோபர் 9, வியாழன்

முடிவாகிவிட்டது. நவம்பர் 22, சங்கீதத்துக்குப் பாதுகாவலியான செசிலியம்மாள் திருநாளன்று பங்குக் கோவில் மண்டபத்தில் கன்செர்ட்டோ, ஒரு கருவி முன்னால் நிற்க மற்றவை கூடச் சேரும் கச்சேரி. எட்டு வயலின், இரண்டு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கிற ரொசாரியின் செல்லோ, நடுவில் ஹார்ப்சிகார்ட். அதை வாசிக்கப்போவது நான்.

எமிலியன் சார்தான் முதல் வயலின். ஸ்கூலில் கணக்கு வாத்தியார், அதனால் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பார். "டீச்சர், ஒங்களால முடியுமா? இல்லன்னா மெட்ராஸ்ல நெவில்னு ஒரு பையன் இருக்கான், கூப்புட்டா வருவான்" என்றார். முடியுமாவாம்! முப்பத்தெட்டு வருஷமாகத் தூத்துக்குடியில் எவன் கல்யாணத்துக்கும் எவள் அடக்கத்துக்கும் கீபோர்டு வாசித்தவள் நான். இந்தப் பெர்பெத்துவா டீச்சர் இல்லாமல் இந்த ஊரில் ஒருவனும் பூசை கண்டதில்லை.

ஆனால் ஒன்று. முப்பத்தெட்டு வருஷமும் நான் அடுத்தவர்களுக்குத்தான் வாசித்திருக்கிறேன். அவர்கள் பாடுவார்கள், நான் பின்னால் உட்கார்ந்து தாங்கிப் பிடிப்பேன். ஹார்ப்சிகார்டும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. வயலின்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சுதி கொடுத்துக்கொண்டிருந்த கருவி அது. அதை முன்னால் இழுத்துப் போட்டு, "இனி நீ பேசு, இவர்கள் கேட்கட்டும்" என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் எழுதிய கன்செர்ட்டோ இது. இதை நான் வாசிக்காமல் வேறு எவன் வாசிப்பது?

அக்டோபர் 12, ஞாயிறு

ஸ்டானியோடு சண்டை.

ஸ்டானி என் தம்பி. கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொரோனா சமயத்தில் சும்மா இருக்கமாட்டாமல் ஜெர்மனியிலிருந்து துண்டு துண்டாக வரவழைத்து, மாடி அறையில் இந்த ஹார்ப்சிகார்டைப் பூட்டினான். மெலிந்த பியானோ மாதிரி இருக்கும். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன இறகுத்துண்டு எழும்பி வந்து தந்தியைச் சுண்டிவிட்டுப் போகும். அவ்வளவுதான் சங்கதி.

பூட்டினானே தவிர, அவனுக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. கோவிலில் அவன் பாட ஆரம்பித்தால் பக்கத்து பெஞ்சு காலியாகும். போனில் சுதி காட்டுகிற ஒரு முள் ஆடும். அந்த முள்ளைப் பார்த்துத்தான் தந்தி முறுக்குவான். இதுவரை அவன் முறுக்கியதை நான் காதால் சரிபார்ப்பேன். இன்று மேல் சுரங்கள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. டப் டப் என்று கட்டை சத்தம்தான் வருகிறது, தந்தி சத்தமே இல்லை. இறகை மாற்று என்றேன். மாற்றினான். அப்படியேதான் இருந்தது.

"எக்கா, முள்ளு நல்லாத்தான காட்டுது."

"ஒன் முள்ளுக்குக் காது இருக்கால?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மழைக்காலத்தில் மரம் உப்பினால் இப்படித்தான் ஆகும், இதுகூடத் தெரியாமல் கருவி செய்ய வந்துவிட்டான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. முதல் பகுதியைப் பாதி வேகத்தில் வாசித்தேன். சீலா மீன் நன்றாகக் கிடைத்தது. வறுத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மண்டபத்தில் முதல் ஒத்திகை. ஹார்ப்சிகார்டை ஸ்டானி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான், ஒவ்வொரு ஒத்திகைக்கும் இப்படித்தான் போய்த் திரும்ப மாடிக்கு வரும். இந்தப் பிள்ளைகள் தந்தியில் வில்லை வைக்கவே பயப்படுகிறார்கள். பூனை நடக்கிற மாதிரி வாசிக்கிறார்கள். "சத்தமா வாசிங்க, நீங்க என்ன தூங்குற புள்ளைக்கா வாசிக்கிய?" என்று மூன்று தடவை கத்தினேன். அதற்கு ஜூடித், இரண்டாம் வயலின், வாய்த்துடுக்கு ஜாஸ்தி அவளுக்கு, "டீச்சர், இதுக்கு மேல வாசிச்சா ஒங்க ஹார்ப்சிகார்டே கேக்காது" என்றாள்.

கேட்காதா? நான் ஓங்கி அடித்தேன். மூன்றாம் பகுதி முடிவதற்குள் நாலைந்து இறகு முறிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஸ்டானி கருவியைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். "எக்கா, இது பியானோ இல்ல. எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் அதே சத்தந்தான் வரும். ஒனக்குத் தெரியாததா?" எனக்குத் தெரியும். நான்தான் அவனுக்கே சொல்லிக் கொடுத்தேன். இருந்தாலும் விரல் கேட்கமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

ஜெர்மன் பிளாஸ்டிக் இறகு தீர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் காக்கா இறகைத்தான் சீவி வைப்பார்களாம். நம் ஊரில் கருவாடு காயப்போட்ட மாடிக்குப் போனால் காக்காவுக்கா பஞ்சம்? ஸ்டானி கை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து பிளேடால் சீவி வைத்திருக்கிறான். "கேட்டுப் பாரு, எப்படி இருக்கு?" என்றான். அருமையாக இருக்கிறது என்றேன். "மேல் சுரமுமா?" என்றான். அதுவும்தான் என்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று முள்ளை நம்பவில்லை. மேல் தந்திகளை நானே உட்கார்ந்து காதால் சேர்த்தேன். ஸ்டானி தடுத்தான். என் சங்கீதம், என் காது, நீ போய் டீ போடு என்றேன்.

ஒத்திகையில் ஆரம்பித்த வேகத்தில் எமிலியன் சார் நிறுத்தினார். சுதி சேரவில்லையாம். எல்லோரும் வயலினை முறுக்கினார்கள். மறுபடி ஆரம்பம், மறுபடி நிறுத்தம். ரொசாரி பல் கூசுகிறவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ரொசாரி துறைமுகத்தில் சரக்கு ஏஜென்ட், சாதாரணமாக யார் முன்னாலும் முகம் சுளிக்காத மனிதன். மழை ஈரத்தில் வயலின்கள் கெட்டுவிட்டன என்று நான் சொன்னேன்.

நாங்கள் டீ குடிக்க வெளியே போனபோது ஸ்டானி போனை எடுத்து வைத்துக்கொண்டு மேல் தந்திகளை எல்லாம் திரும்ப முறுக்கியிருக்கிறான். வந்து வாசித்தேன். சேர்ந்துவிட்டது என்று எமிலியன் சார் சிரித்தார். எனக்கு முன்னைக்கும் பின்னைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. களைப்பு.

அக்டோபர் 30, வியாழன்

நான் கதவைத் திறப்பதே இல்லை என்று பால்காரர் ஸ்டானியிடம் புகார் சொல்லியிருக்கிறார். மணி அடிக்கிறாராம். பொய்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போனது. ஸ்டானி திடீரென்று, "அப்பா கடைசியில ரேடியோவக் காதோட ஒட்டி வச்சிக்கிட்டு, ஸ்டேஷன்காரன் சரியில்ல, ஸ்டேஷன்காரன் சரியில்லன்னு ஏசுவாருல்லா" என்றான்.

"அத எதுக்குல இப்ப சொல்லுத?"

"சும்மதான்."

வீடு வரும்வரை அவனோடு பேசவில்லை.

நவம்பர் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்றாம் பகுதி ஒத்திகை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பழக்கம். வேகமான இடம், விரல் தானாகப் போகிறது, வயலின்கள் எழும்பி வருகின்றன, செல்லோ கீழே நடக்கிறது, இந்த மாதிரி அவர்கள் ஒருநாளும் வாசித்ததில்லை என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். கண்ணைத் திறந்தேன்.

எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வில்கள் நாற்காலிமேல் கிடக்கின்றன. கை கூப்பி, தலை குனிந்து, உதடு அசைகிறது. ஆறு மணி. கோவில் மணி அடித்து, மூவேளைச் செபம் பாதி முடிந்திருக்கிறது. தெருவில் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி நிற்கிற நேரம். நான் மட்டும் டிங் டிங் என்று வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மணி எனக்குக் கேட்கவில்லை. அதைக்கூட விடு. வயலின்கள் நின்றதே எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் நிறுத்திய பிறகும் அவர்கள் வாசிப்பது எனக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் நான் கேட்டது எதை?

ஜூடித்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

எமிலியன் சார் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். எனக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினார். எனக்குப் புரியவேண்டும் என்றுதான் அப்படிப் பேசினார். அதற்கே அவரை அடிக்கலாம் போல இருந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்காதிய. இதுல முன்னால நின்னு கை காட்டுற கண்டக்டர் கெடையாது. ஹார்ப்சிகார்டு வாசிக்கிறவங்கதான் எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும். நெவில்கிட்ட சும்மா கேட்டு வச்சிருக்கேன்."

"கேட்டாச்சா?"

"சும்மதான்."

இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் 'சும்மதான்' ஒரு நோய். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியை விடமாட்டேன்.

ஸ்டானியை மாடியிலிருந்து கூப்பிட்டு, "டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

நவம்பர் 8, சனி

பாளையங்கோட்டையில் டாக்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் பட்டனைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்திரம் ரிப்பேர் என்று நினைத்தேன். ரிப்பேர் இல்லையாம்.

மேல் சுரங்கள் அனேகமாகப் போய்விட்டன. நடுவில் பாதி. கீழே மிச்சம் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்ததுதான். இனி வராது.

காதுக்குள் வைக்கிற மெஷினை மாட்டிவிட்டார்கள். டாக்டர் பேசியது நன்றாகக் கேட்டது, பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து ஹார்ப்சிகார்டைத் தொட்டேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் கொட்டிக் குலுக்குகிற சத்தம். எல்லாச் சுரமும் ஒரே சுரம். கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

ஸ்டானி முன்னால் அழுதேன். சின்ன வயதில் இவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். இன்று அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பயமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மாடியில் உட்கார்ந்து எல்லோருடைய சுரம் எழுதின நோட்ஸையும் விரித்துப் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் வில் எங்கே இறங்கவேண்டும், எங்கே ஏறவேண்டும் என்று சிவப்புப் பேனாவால் குறித்தேன். எட்டு வயலினும் ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி இறங்கினால், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணால் தெரியும். கேட்கவேண்டியதில்லை.

கண்ணை மூடி வாசித்தது போதும். மத்தியானம் சோறு ஸ்டானி பொங்கினான். குழைந்துவிட்டது. தின்றேன்.

நவம்பர் 12, புதன்

எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டு சொன்னேன். "எனக்குக் காது பாதி போச்சு. மணிச் சத்தம் மட்டுமில்ல, ஒங்க சத்தமும் சரியாக் கேக்கல. முந்தி ஒங்கள ஏசுனதுக்கெல்லாம் அதுதான் காரணம். இனி ஒங்க வில்லப் பாத்துத்தான் வாசிக்கப் போறேன். எவனாவது குறிச்சதுக்கு மாறா வில்லு போட்டா, அங்கனயே ஒடிச்சிருவேன்."

பிறகு ரொசாரி எழுந்தான். "டீச்சர், தோணில பலகைல கால வச்சா எஞ்சின் ஓடுறது ஒடம்புக்கே தெரியும்லா? நானும் நீங்களும் ஒரே பலகைல ஒக்காருவோம். செல்லோவுக்கு அடியில இருக்கிற ஊன்றுகம்பி பலகைல குத்தி நிக்கும். ஒங்களுக்குக் காலுல தெரியும்."

எமிலியன் சார் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்கு வாத்தியார். "பத்தொம்பதாம் தேதி கடைசி ஒத்திகை. மூணு பகுதியும் நிக்காம ஓடணும் டீச்சர். ஓடலன்னா நெவிலுக்கு அன்னைக்கே சொல்லிருவேன். அவனும் டிக்கெட் போடணும்லா."

சரி என்றேன். நியாயமான பேச்சு. பயந்துபோய்த்தான் சொன்னேன், ஆனால் குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஸ்டானி தோணி கட்டுகிற இடத்திலிருந்து நாலு நீளப் பலகை கொண்டுவந்து மண்டபத்துக் கல்தரைமேல் மேடை அடித்தான். ஹார்ப்சிகார்டின் மூடியைக் கழற்றிவிட்டோம். இப்போது நான் ஜனங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், எல்லா வில்லும் எனக்கு எதிரே. செருப்பில்லாமல் வெறுங்காலை வைத்தேன். ரொசாரி கீழ் சுரத்தை ஒரு இழுப்பு இழுத்தான். குதிகாலில் குறுகுறுவென்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் பகுதி ஓடியது. மூன்றாம் பகுதி ஓடியது. நடுப்பகுதி நொறுங்கிவிட்டது.

மெதுவான பாட்டு. வில்கள் எல்லாம் நீளமாக, நத்தை மாதிரி நகர்கின்றன. எங்கே தாளம் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. செல்லோவும் ரொம்ப மெல்ல வாசிக்கிற இடம், காலுக்கும் எட்டவில்லை. நான் முன்னால் ஓடிவிட்டேன். அவர்கள் என்னைத் துரத்தினார்கள். மூன்று தடவை முயற்சி செய்தோம். மூன்று தடவையும் அதே இடத்தில் கவிழ்ந்தோம்.

எமிலியன் சார் வயலினைப் பெட்டியில் வைத்தார்.

நவம்பர் 17, திங்கள்

ரொசாரி வேலை விட்டு நேரே வந்தான். செல்லோவோடு மாடி ஏறினான். இரண்டு பேரும் நடுப்பகுதியை மட்டும் வாசித்தோம், திரும்பத் திரும்ப. என்னவோ உறுத்தியது. கடைசியில் கண்டுபிடித்தேன். அவன் ஒவ்வொரு வரி தொடங்குமுன்னும் மூச்சு இழுக்கிறான், தோள் ஏறி இறங்குகிறது. பாடகர்களுக்கு வாசிக்கும்போது முப்பத்தெட்டு வருஷமாக நான் செய்த வேலை அதுதான். எந்தப் பாடகியும் எனக்குத் தலையாட்டியதில்லை, அவர்கள் மூச்சு எடுக்கிற இடத்தைப் பார்த்துத்தான் சுரம் வைத்தேன். வயலின்காரர்களும் மூச்சு விடுகிறவர்கள்தானே!

எல்லோருக்கும் போன் போடச் சொன்னேன் ஸ்டானியை. நடுப்பகுதியில் வயலினைப் பாடுவது மாதிரி வாசிக்கவேண்டும், வரிக்கு வரி தோள் தெரிய மூச்சு எடுக்கவேண்டும். ஜூடித் போனில் என்னவோ சொல்லிச் சிரித்தாளாம். சிரிக்கட்டும்.

நவம்பர் 19, புதன்

மூன்று பகுதியும் நிற்காமல் ஓடியது. எமிலியன் சார் என் எதிரிலேயே நெவிலுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொன்னார்.

நவம்பர் 22, சனி, காலை

கஞ்சி மட்டும். நீலப் பட்டு கட்டுகிறேன். கொலுசு வேண்டாம், பலகையில் காலுக்கு இடைஞ்சல்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று ராத்திரி எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் சங்கீதம் கேட்க வந்தவர்கள், மீதிப் பேர் நான் விழுவதைப் பார்க்க வந்தவர்கள். ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இந்த ஊரில் எது தெரியாமல் இருக்கும்? ஸ்டானி கடைசியாக ஒரு தடவை முள்ளைப் பார்த்துத் தந்தி முறுக்கினான். சரியா என்று கண்ணால் கேட்டேன். சரி என்று தலையாட்டினான். அவன் சொன்னால் சரி.

முதல் பகுதியில் விரல் கொஞ்சம் பிசகியது, ஓரிடத்தில். போகட்டும். நடுப்பகுதியில் எல்லோரும் தோளை உயர்த்தி மூச்சு எடுத்தார்கள். மேலே நான் வாசித்த சுரங்கள் பாதி எனக்கு இல்லை. விரல் போன இடம் மட்டும்தான் தெரிந்தது. அங்கே சுரம் இருக்கிறது என்று நம்பி விரலை வைத்தேன்.

மூன்றாம் பகுதியில் ஒரு இடம் வரும். எல்லோரும் வில்லை மடியில் வைத்துக்கொள்ள, ஹார்ப்சிகார்ட் தனியாக நீளமாக ஓடும். ஓடி முடித்து நான் தலையசைத்தால் அவர்கள் எல்லோரும் ஒன்றாக வாசிப்பில் சேரவேண்டும். பாதி ஓட்டத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன், ஜூடித் வில்லைத் தூக்கி வாசிக்கவே தொடங்கிவிட்டாள்! எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்துக்காரியும் தொடங்குகிறாள். எமிலியன் சாரின் வில்கூட மடியிலிருந்து எழும்புகிறது. ஐயையோ, மாதாவே! எல்லோரும் இப்போதே சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது.

என் விரலை நிறுத்தவில்லை. ஜூடித்தை நேராகப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினேன். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அவள் வில் அப்படியே நின்றது. பக்கத்துக்காரியும் நிறுத்தினாள். எமிலியன் சார் வில்லை இறக்கினார். நான் என் ஓட்டத்தை முழுசாக ஓடி முடித்து, எல்லா முகத்தையும் ஒரு தடவை பார்த்து, தலையசைத்தேன். பதினொரு வில்லும் ஒன்றாக இறங்கின. பலகை என் காலுக்கடியில் அதிர்ந்தது.

பிறகு முடிவு வரைக்கும் பயமே இல்லை.

முடிந்ததும் ஜூடித் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். மெஷினை மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். "டீச்சர், நீங்க மட்டும் கண்ண மூடி வாசிச்சிருந்தியன்னா நான் எல்லாரையும் கவுத்திருப்பேன்." எமிலியன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஈஸ்டருக்கு இன்னொரு கன்செர்ட்டோ போடலாமா என்றார். வில் குறிக்க நேரம் வேண்டும், நோட்ஸை ஜனவரியிலேயே கொடுங்கள் என்றேன்.

வந்தவர்கள் எல்லோரும் சூப்பர் டீச்சர், அருமை டீச்சர் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அருமை என்றால் என்ன? எப்படி இருந்தது? ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களிலேயே அதைக் கேட்காதவள் நான் ஒருத்திதான், என்னிடம் வந்து அருமை என்கிறார்கள்.

மண்டபம் காலியான பிறகு ஸ்டானி பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏல, நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"எக்கா, நல்லாருந்துச்சு."

"நல்லான்னா?"

சுத்தியலைக் கீழே வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"எனக்கு ஒன் பாட்டு எழவு ஒண்ணும் தெரியாது. ஆனா முப்பது வருசம் எஞ்சின் ரூம்ல நின்னவன். எல்லாம் ஒழுங்கா ஓடுனா எந்தச் சத்தமும் தனியாக் கேக்காது பாத்துக்கோ. ஒரு பம்ப்போ, ஒரு வால்வோ தனியாக் கேட்டுச்சுன்னா, சாப்புட்டுட்டு இருந்தாலும் எந்திரிச்சி ஓடணும்." பலகையை ஒரு தட்டு தட்டினான். "இன்னைக்கு ஒரு தடவ, அந்த ஜூடித் புள்ள தொடங்குனப்ப, எந்திரிக்கப் பாத்தேன். நீ தலைய ஆட்டுன. அதுக்கப்புறம் நான் எந்திரிக்கவே இல்லக்கா."

அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு தடவை அதைக் கேட்டிருக்கவேண்டும் எனக்கு. அவ்வளவு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. வாசித்தேன்.